உத்தராடத்துக்குப் பலா

அந்தக் கொட்டையை மண்ணுக்குள் ஊன்றியவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு எல்லோரும் என் மனைவியைத்தான் குறை சொல்வார்கள். நானும் பல வருடங்கள் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆனால் மாஜரின் டப்பாவின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, மண் நிரப்பி, ஐந்து பலாக்கொட்டைகளை வரிசையாகப் புதைத்தது என்னுடைய கை. அதுவும் பகிடிக்காக, சும்மா சிரிப்புக்கு.

எண்பத்தாறில் நான் லண்டனுக்கு வந்தேன். இரண்டு வருடம் கழித்து மனைவி வந்து சேர்ந்தாள். பிளேஸ்டோவில் மூன்றாம் மாடியில், நகரசபை வாடகைக்குத் தருகிற கவுன்சில் வீடு ஒன்று கிடைத்தது. ஒரு படுக்கையறை, ஒரு முன்னறை, ஒரு ஆள் நின்று சிகரெட் பிடிக்கலாம் என்கிற அளவில் ஒரு பல்கனி. அடுத்த வருடம் மகள் பிறந்தாள். அப்போது நான் சான்ட்விச் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்ட் வேலை செய்துகொண்டிருந்தேன். எட்டு மணித்தியாலம் குளிர் அறைக்குள் நின்று பாண் துண்டுகளுக்குள் முட்டையை அடைக்கிற வேலை. வீட்டுக்கு வந்து பிள்ளையைத் தூக்குவதற்கு முன் கைகளைச் சுடுதண்ணீரில் பிடித்துச் சூடாக்கிக்கொள்வேன்.

பிள்ளைக்கு வந்த முதல் குளிர்காலத்திலேயே நெஞ்சு விசிலடிக்கத் தொடங்கியது. டொக்டர் வீசிங் என்றார். மனைவி தொய்வு என்றாள். இரண்டும் ஒன்றுதான். மூச்சை உள்ளே இழுக்கிறபோது விலா எலும்புகளுக்கு நடுவில் தோல் குழி விழும். அந்தச் சின்ன நெஞ்சு அப்படிப் பாடுபடுவதைப் பார்த்துக்கொண்டு, பக்கத்தில் இருந்து முதுகைத் தடவுவதைத் தவிர நமக்குச் செய்ய ஒன்றுமில்லை. தகப்பன் என்ற சொல்லுக்கே அர்த்தமில்லை என்று தோன்றும் நேரம் அது.

மருந்து ஒரு பக்கம் இருக்க, பிள்ளையின் குறிப்பையும் ஒருக்கால் பார்ப்போம் என்றாள் மனைவி. லூயிஷாமில் ஒரு சாத்திரியார் இருந்தார். ஊரில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். கடை ஒன்றின் மேல்மாடியில், தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, கட்டம் கீறிப் பலன் சொல்வார். பிள்ளையின் பிறந்த நேரத்தைக் கேட்டார், ஏதோ கணக்குப் பார்த்தார், உத்தராடம் என்றார்.

"உத்தராடத்துக்கு மரம் பலா. ஊரிலயெண்டா வளவுக்குள்ள ஒரு பலாக்கண்டை நட்டுத் தண்ணி ஊத்துங்கோ எண்டு சொல்லியிருப்பன். நட்சத்திர மரம் செழிச்சால் பிள்ளையின்ர தேகமும் செழிக்கும். இஞ்ச அதுக்கு என்ன செய்யிறது? கோயிலில ஒரு விளக்கேத்துங்கோ, காணும்."

இவ்வளவுதான் அந்த மனிதர் சொன்னது. இருபத்தேழு நட்சத்திரத்துக்கும் இருபத்தேழு மரம் என்பது பஞ்சாங்கத்திலேயே இருக்கிற விஷயம். விளக்கேற்றினால் போதும் என்றுதான் அவரும் முடித்தார். ஆனால் என் மனைவி அதற்கு முந்திய வாக்கியத்திலேயே நின்றுவிட்டாள். ரயிலில் வீடு திரும்பும்வரை ஜன்னலால் வீடுகளின் பின்வளவுகளையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அந்தக் கோடையில் ஈஸ்ட் ஹாம் கடையில் பலாப்பழம் வந்திருந்தது. கூறு போட்டு, பிளாஸ்டிக் சுற்றி வைத்திருந்தார்கள். வாங்கிக்கொண்டு வந்தேன். மனைவி சுளைகளைத் தின்றுவிட்டுக் கொட்டைகளைக் கறிக்கு என்று எடுத்து வைத்தாள். வைத்துவிட்டு அந்தக் கொட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிள்ளை அன்றைக்கும் இழுத்துக்கொண்டுதான் கிடந்தது.

"ஊரில இருந்திருந்தால் பிள்ளைக்கெண்டு ஒரு மரமாவது வைச்சிருப்பம்" என்றாள்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. குளிர் அறையில் நின்று கால் விறைத்துப்போய் வந்த மனிதனுக்கு இதையெல்லாம் கேட்கப் பொறுமை இருக்காது. "அதுக்கென்ன, இஞ்சயே நடுவம். மழைக்கும் குறைவில்லை. பத்து வருசத்தில பல்கனியில நிண்டு பழம் புடுங்கலாம்" என்று சொல்லிக்கொண்டு மாஜரின் டப்பாவைத் தேடி எடுத்தேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. கொட்டை எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்று சொல்லித்தந்தாள். உயர்தர வகுப்பில் தாவரவியலில் நல்ல புள்ளி வாங்கியவள் அவள்.

நான்கு கிழமைக்குள் ஒன்று முளைத்தது. மற்ற நான்கும் அழுகிவிட்டன. முளைத்த காலை எதுவென்றால், ஆறு நாளாகக் காய்ச்சலும் இழுப்புமாகக் கிடந்த பிள்ளை முதல் தடவையாக வியர்த்து, காய்ச்சல் விட்டு, பால் கேட்டுக் குடித்த காலை. மனைவி என்னை எழுப்பிக்கொண்டு போய் டப்பாவைக் காட்டினாள். வெள்ளையும் பச்சையுமாக ஒரு முளை மண்ணைக் கீறிக்கொண்டு நின்றது. அவள் கண் கலங்கியிருந்தது. "சும்மா நடந்திருக்குது" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் எனக்கும் அன்றைக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது.

பலா மழைக்காட்டு மரம். பெரிய மரங்களின் நிழலில், விடாத மழையில், வெக்கையில் வளர்ந்து பழகிய சாதி. அதற்குக் குளிர் என்றால் என்னவென்றே தெரியாது. அதைக் கொண்டுவந்து பிளேஸ்டோவில் வளர்ப்பது எப்படி என்று எந்தப் புத்தகத்திலும் இருக்கவில்லை. மனைவியே கண்டுபிடித்தாள். டப்பாவிலிருந்து பூச்சட்டிக்கு, பூச்சட்டியிலிருந்து சிவப்பு வாளிக்கு மாற்றினாள். கோடையில் ஜன்னலோரம் வைத்தாள். குளிர் தொடங்கியதும் குளியலறைக்கு மாற்றி, சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். மூன்றாவது வருடம் அது பிள்ளையைவிட உயரமாகிவிட்டது. இலைகள் தடித்து, பளபளவென்று, உண்மையிலேயே வடிவாகத்தான் இருந்தன. பிறந்தநாளுக்குப் பிள்ளையை அதன் பக்கத்தில் நிற்பாட்டிப் படம் எடுத்தோம்.

பிள்ளைக்குச் சோறு தீத்துகிற நேரமும் அந்த மரம் உதவிக்கு வந்தது. "இது நீதான் குஞ்சு. நீ சாப்பிட்டால் இதுவும் சாப்பிடும். நீ வளந்தால் இதுவும் வளரும்" என்று மனைவி சொல்லுவாள். பிள்ளை வாயைத் திறக்கும். ஒரு வாய் தனக்கு, ஒரு வாய் மரத்துக்கு என்று கணக்கு வைத்துச் சாப்பிடும். எந்தப் பிள்ளைக்குத்தான் கதை சொல்லாமல் சோறு இறங்கியிருக்கிறது? நானும் சொல்லியிருக்கிறேன். "சாப்பிடு, இல்லாட்டி மரம் வாடிப்போகும்" என்று.

பிரச்சினை ஒவ்வொரு குளிர்காலமும் ஒரே மாதிரித்தான் தொடங்கியது. ஹீட்டரைப் போட்டால் வீட்டுக் காற்று காய்ந்துபோகும். இலையின் ஓரம் கருகும். ஒரு இலை விழும். மனைவிக்கு ஒரு இலை விழுவதென்றால் தந்தி வந்த மாதிரி. உடனே கெற்றிலைக் கொதிக்க வைப்பாள். அடுப்பில் இரண்டு பானைத் தண்ணீர் மூடியில்லாமல் கொதிக்கும். கதவுக்குக் கீழே துவாயைச் சுருட்டி அடைப்பாள், ஆவி வெளியே போகாமல். ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிந்து மரச்சட்டத்தில் தேங்கும். அலுமாரிக்குப் பின்னால் சுவர் கறுப்பாகப் பூஞ்சணம் பிடித்து, கட்டில் தலைமாடுவரைக்கும் ஏறும். இரண்டு மூன்று நாளில் பிள்ளைக்கு மூச்சு முட்டும்.

"பாத்தனீங்களே? இலை விழுந்தது, பிள்ளைக்கு வந்திட்டுது" என்பாள். நானும் பார்த்தேன். இலை விழுந்தது. பிள்ளைக்கு வந்தது. நடுவில் இருந்த பானையை மட்டும் இரண்டு பேரும் பார்க்கவில்லை. என்னுடைய மூளைக்கு அது எட்ட இரண்டு குளிர்காலம் ஆனது என்பதைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

எங்களுக்கு அதைக் காட்டித் தந்தது கிளினிக்கிலிருந்து வீட்டுக்கு வந்த நர்ஸ். தலை நரைத்த, அமைதியான அயர்லாந்துப் பெண். பிள்ளைக்கு மூச்சு மருந்துப் பம்பு எடுக்கப் பழக்கத்தான் வந்தவர். நீலப் பம்பை ஒரு பெரிய பிளாஸ்டிக் குடுவையின் பின்னால் செருகி, முன்னால் இருக்கிற மூடியை மூக்கும் வாயும் மூடப் பிடித்து, ஒருதரம் அமத்திவிட்டுப் பத்து மூச்சு எண்ண வேண்டும். பிள்ளை வன், டூ, த்ரீ என்று அவரோடு சேர்ந்து எண்ணியது. பிறகு நர்ஸ் மரத்தைப் பார்த்து அழகாயிருக்கிறது என்றார். அதன்பின் சுவரைப் பார்த்தார். எழுந்து போய் விரலால் தொட்டுப் பார்த்தார். அடுப்பில் கொதித்த பானையைப் பார்த்தார்.

ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. இந்த ஈரமும் பூஞ்சணமும்தான் பிள்ளையின் நெஞ்சுக்கு விசம் என்றார். ஜன்னலைத் திறந்து வையுங்கள், ஆவியை நிறுத்துங்கள், வீடு காய்ந்திருக்க வேண்டும் என்றார். அப்படியென்றால் அந்த மரம் இங்கே தாக்குப்பிடிக்காது என்றும் அவரே சொன்னார். சொல்லிவிட்டு, தான் ஏதோ தவறாகச் சொல்லிவிட்டேனா என்பது போல எங்கள் இரண்டு பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

அவர் போன பிறகு நான் பானைகளை இறக்கினேன். மனைவி திரும்ப ஏற்றினாள்.

"நீர் படிச்ச மனுசிதானே? அவ சொன்னது விளங்கேல்லையே?"

"விளங்கினது."

"பிறகு என்ன?"

"ஆவியை நிப்பாட்டினால் மரம் சாகும். மரம் செத்துப் பிள்ளைக்கு ஒண்டு நடந்தால் ஆர் பொறுப்பு? நீங்களோ, அந்த நர்சோ? எழுதித் தாங்கோ, நிப்பாட்டுறன்."

எழுதித் தரலாம்தான். பேனாவும் மேசையில்தான் கிடந்தது. ஆனால் நான் எடுக்கவில்லை. அதுதான் என்னைப் பற்றி நான் அன்று தெரிந்துகொண்ட விஷயம். வெளியே நான் பகுத்தறிவுக்காரன், சாமித்தட்டுப் பக்கம் போகாதவன். உள்ளே, பிள்ளையின் உயிர் என்று வந்ததும், ஒரு காகிதத்தில் கையெழுத்து வைக்கத் துணிவில்லாத பயந்தாங்கொள்ளி.

அடுத்த சனிக்கிழமை யாருக்கும் சொல்லாமல் லூயிஷாமுக்குப் போனேன். சாத்திரியாரிடம் முழுக் கதையையும் கொட்டினேன். அவருக்குப் பாவம், எங்களை ஞாபகமே இல்லை.

"நான் வளக்கச் சொல்லேல்லையே, தம்பி! விளக்கேத்தத்தானே சொன்னனான்?" என்று பதறினார்.

"ஓம் ஐயா, அதை நீங்களே அவவுக்கு ஒருக்காச் சொல்லுங்கோ."

அங்கிருந்தே எங்கள் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். அந்த மரத்தைக் கைவிடலாம், தோசமில்லை, வேண்டுமானால் வேறு பரிகாரம் இருக்கிறது என்று விலாவாரியாகச் சொன்னார். மனைவி எல்லாவற்றுக்கும் ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள் என்றார். எனக்குப் பாரம் இறங்கின மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் கண்ணாடியெல்லாம் ஆவி.

"நீங்கள் போய்ச் சொல்லச் சொல்லித்தானே அந்த மனுசன் சொன்னவர்? சாத்திரத்தையும் விலைக்கு வாங்கலாம் எண்டு எனக்கு இண்டைக்குத்தான் தெரிஞ்சது" என்றாள் மனைவி.

பிறகு ஹரோவில் இருந்த அவளுடைய அண்ணையைப் பிடித்தேன். நல்ல வேலை, நல்ல வீடு, பின்னால் கண்ணாடி அறை. மரத்தைக் கொல்ல வேண்டாம், அண்ணை வீட்டில் வசதியாக வளரட்டும், நாங்கள் போய்ப் போய்ப் பார்ப்போம் என்றேன். இதற்கு அவளால் மறுப்புச் சொல்ல முடியவில்லை. அண்ணை காரில் வந்து, பின் சீற்றில் வாளியை வைத்து, இலைக்கு மேல் போர்வை போர்த்திக் கொண்டுபோனார். அந்தக் கிழமை நான் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, ஒரு மனிதன் மூச்சு விடுவது எவ்வளவு சுகம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்பதாவது நாள் பிள்ளைக்குச் சளி பிடித்தது. சாதாரணச் சளி. அந்த மாதம் லண்டனில் மூக்கு ஒழுகாத பிள்ளையே இல்லை. ஆனால் சளியோடு இழுப்பும் வந்தது. நான் வேலையால் வந்தபோது வீட்டில் ஒருவரும் இல்லை. ஆறு மணிக்கு மனைவி வந்தாள். ஒரு கையில் பிள்ளையின் தள்ளுவண்டி, மறு கையில் வாளி. ஹரோவிலிருந்து ரயில் மாறி மாறி, பிள்ளையின் கம்பளிக் கோட்டைக் கழற்றி மரத்துக்குப் போர்த்திக்கொண்டு வந்திருந்தாள். பிள்ளை தன்னுடைய சுவெற்றரோடு நடுங்கிக்கொண்டிருந்தது. நான் வாழ்க்கையில் முதல் தடவையாக அவளை அடிக்கக் கை ஓங்கினேன். அடிக்கவில்லை. ஆனால் ஓங்கியதைப் பிள்ளை பார்த்துவிட்டது.

அதற்குப் பிறகு அந்த மரத்தைப் பற்றி வீட்டில் நான் வாய் திறக்கவில்லை. அவள் ஆவி வைப்பாள். நான் சுவரைத் துடைப்பேன். அவள் கதவை அடைப்பாள். நான் கொஞ்சம் திறப்பேன். நாலரை வயதுப் பிள்ளை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் விசிலடித்துக்கொண்டு விளையாடும்.

தை மாதத்தில் ஒரு மத்தியானம், நான் குளிர் அறையில் நிற்கிறபோது மேற்பார்வையாளர் வந்து, உன் மனைவி ஆம்புலன்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள் என்றார். நான் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைக்கு முகத்தில் மூடி போட்டிருந்தது. உதடு சாம்பல் நிறமாக இருந்தது. என்னைப் பார்த்ததும் கையைத் தூக்க முயன்றது. தூக்க ஏலவில்லை. நான் அந்தக் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இருக்கிற எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். சாத்திரியாரின் கட்டத்துக்குள் இருக்கிற கிரகங்களைக்கூடக் கூப்பிட்டேன்.

ஏழு நாள் வைத்திருந்தார்கள். மனைவி பிள்ளையின் பக்கத்தில் கதிரையிலேயே கிடந்தாள். நான் ஷிப்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக ஓடினேன். வீட்டில் மரம் தனியாக இருந்தது.

நான் அதைக் கொன்றேன் என்று சொல்ல முடியாது. காப்பாற்றினேன் என்றும் சொல்ல முடியாது. முதல் நாளே பானைகளைக் கழுவிக் கவிழ்த்தேன். எல்லா ஜன்னலையும் பல்கனிக் கதவையும் அகலத் திறந்தேன். பிளீச் வாங்கி வந்து, சுவர்களை மேலிருந்து கீழ்வரை தேய்த்தேன். தையின் காற்று வீட்டுக்குள் ஊதிக்கொண்டு திரிந்தது. மூன்றாம் நாள் இலைகள் தொங்கின. ஐந்தாம் நாள் கறுத்தன. நான் வாளிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு தேத்தண்ணீர் குடித்தேன். நான் செய்தது பிள்ளைக்காகத்தான், நர்ஸ் சொன்னதைத்தான் செய்கிறேன் என்று எனக்கே பல தடவை சொல்லிக்கொண்டேன்.

ஒவ்வொரு நாளும் ஆஸ்பத்திரியில் மனைவி மெதுவாகக் கேட்பாள். "மரம்?"

"இருக்குது" என்பேன்.

மரம் வாட வாட, அங்கே பிள்ளை தேறிக்கொண்டு வந்தது. மூடியை எடுத்தார்கள். ஜெலி சாப்பிட்டது. பக்கத்துக் கட்டில் பிள்ளையோடு சண்டை பிடித்தது. எனக்கு இது ஒரு வெற்றி போலத்தான் இருந்தது. இவ்வளவு காலம் வாயால் நிறுவ முடியாததை ஏழு நாளில் நிறுவிவிட்டேன். வீட்டுக்குக் கூட்டிப்போகிற நாள் பஸ்ஸில் இருந்துகொண்டு சொல்ல வேண்டிய வசனத்தை மனப்பாடம் பண்ணினேன். பாரும், மரம் செத்துப்போச்சு, பிள்ளை பிழைச்சிட்டுது. இப்ப என்ன சொல்லுறீர்? விழுந்த இலைகளைக்கூட நான் கூட்டவில்லை. சாட்சி என்று அப்படியே விட்டிருந்தேன்.

கதவைத் திறந்ததும் பிளீச் மணம் வந்தது. வீடு காய்ந்து வெளிச்சமாக இருந்தது. மனைவி ஜன்னலோரம் பார்த்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள். நான் தொண்டையைச் செருமினேன். எங்கள் இரண்டு பேருக்கும் முந்திப் பிள்ளை உள்ளே போய்விட்டது.

வாளிக்கு முன்னால் போய் நின்றது. ஒரு தடியும் அதில் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு கறுப்பு இலைகளும்தான் மிச்சம். பிள்ளை கொஞ்ச நேரம் அதைப் பார்த்தது. பிறகு தன்னுடைய கைகளை நீட்டி, உள்ளங்கையைப் பார்த்தது, திருப்பிப் புறங்கையைப் பார்த்தது. என் பக்கம் திரும்பியது. அழவில்லை. ஏதோ நேரம் கேட்கிற மாதிரித்தான் கேட்டது.

"அப்பா, நான் செத்துப்போனனா?"

பஸ்ஸில் மனப்பாடம் பண்ணியது எல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. என்னைத் தள்ளிக்கொண்டு ஓடிப்போய்ப் பிள்ளையைக் கட்டிப்பிடித்தவள் மனைவிதான்.

"இல்லையடி குஞ்சு! அது சும்மா மரம். வெறும் மரம். உனக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமுமில்லை. அம்மா பொய் சொன்னனான்."

இந்த வசனத்துக்காகத்தான் நான் லூயிஷாமுக்குப் போனேன். இதற்காகத்தான் ஹரோவுக்கு வாளியை அனுப்பினேன், கை ஓங்கினேன். இப்போது அவள் வாயால் அது வந்துவிட்டது. வந்து என்ன? பிள்ளை அவளுடைய தோளுக்கு மேலால் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"நோ. யூ செட் இட்ஸ் மீ" என்றது.

அன்றைக்கே வாளியைக் கீழே கொண்டுபோய்க் குப்பையில் போடத் தூக்கினேன். பிள்ளை போட்ட கூச்சலில் அதற்கே இழுக்கத் தொடங்கிவிட்டது. தூக்கிய வாளியை அந்த இடத்திலேயே திரும்ப வைத்தேன். இரண்டு நாள் கழித்து மனைவி முயன்றாள். அப்போதும் அப்படித்தான். நித்திரையாக இருக்கிறபோது எடுத்துவிடலாம் என்று பேசிக்கொண்டோம். எழும்பிப் பார்த்துவிட்டு, தன்னை எங்கே கொண்டுபோய் எறிந்தீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வது? செத்த தடி ஜன்னலோரமே நின்றது. மனைவி இப்போது பானை வைப்பதில்லை. ஜன்னலைத் தானே திறந்து வைத்தாள். எங்களுக்குள் சண்டையே இல்லை. சண்டை பிடித்துக்கொண்டிருந்த காலம் பரவாயில்லை என்று எனக்குப் பட்டது.

மாசியில் ஒரு காலை, நான் வேலைக்கு வெளிக்கிடுகிற நேரம், பிள்ளைக்கு இழுப்பு வந்தது. பம்பைக் குடுவையில் செருகி, மூடியை முகத்தில் வைத்து அமத்தினேன். சத்தம் வித்தியாசமாக இருந்தது. கழற்றி ஆட்டிப் பார்த்தேன். உள்ளே ஒன்றுமில்லை. வெறும் காற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது தந்த புதுப் பம்பு அது. மாதக்கணக்கில் வர வேண்டியது.

மனைவி பிள்ளையை நிமிர்த்தி மடியில் வைத்துக்கொண்டாள். நான் படிகளில் விழுந்தெழும்பி ஓடி, தெருமுனை மருந்துக்கடைக்காரர் கடையைத் திறக்கத் திறக்கப் போய் நின்றேன். எங்களைத் தெரிந்தவர். காகிதம் கேட்காமல் ஒரு பம்பை எடுத்து நீட்டினார். திரும்பி ஓடி வந்து, செருகி, அமத்தி, பத்து எண்ணினோம். திரும்ப அமத்திப் பத்து எண்ணினோம். மெல்ல மெல்ல அந்த நெஞ்சு அடங்கியது. மனைவியின் சட்டையெல்லாம் வியர்வை. நான் நிலத்தில் இருந்துவிட்டேன்.

"பம்பை ஆரம்மா முடிச்சது?" என்று கேட்டேன். கோபமாகக் கேட்கவில்லை. கோபப்பட எனக்குச் சக்தியும் இருக்கவில்லை.

பிள்ளை ஜன்னல் பக்கம் கையைக் காட்டியது. "மரத்துக்குக் குடுத்தனான். டென் பிரெத்ஸ். எகெய்ன் அன்ட் எகெய்ன். எவ்ரி டே. இட்ஸ் நொட் வேர்க்கிங், அப்பா."

நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பார்த்திருந்தால் யாராவது ஒருவர் அழுதிருப்போம், அதைப் பிள்ளை பார்த்திருக்கும். இனிப் பம்பைத் தொடாதே என்று சொல்லலாம். சொன்னால், தன்னைத் தானே சாகவிடச் சொல்கிறார்கள் என்றுதான் அது நினைக்கும். உயரத்தில் ஒளித்து வைக்கலாம். வைத்தால், எட்டாத இடத்தில் தன் மூச்சு இருக்கிறதென்று பயந்தே அதற்கு இழுக்கும். நல்ல பதில் ஒன்று எங்கேயாவது இருந்திருக்கும். எனக்கு அது அன்றைக்கும் கிடைக்கவில்லை, இன்றைக்கும் கிடைக்கவில்லை.

புதுப் பம்பை என் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். முடிந்துபோன பழைய பம்பைத் துணியால் துடைத்து, குடுவையில் செருகி, பிள்ளையின் கையில் கொடுத்தேன்.

"இது மரத்தின்ர பம்பு. இதை மரத்துக்கு மட்டும் குடுக்க வேணும். உன்ர பம்பு அப்பாவிட்ட இருக்கு, சரியோ?"

மனைவி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

பிள்ளை எழும்பிப் போய், காய்ந்த தடியின் நடுவில் அந்த மூடியை இடைவெளி இல்லாமல் அணைத்துப் பிடித்து, நர்ஸ் பழக்கியபடி ஒருதரம் அமத்திவிட்டு எண்ணத் தொடங்கியது. வன், டூ, த்ரீ. இடையில் திரும்பி, சரியாகச் செய்கிறேனா என்று எங்களைப் பார்த்தது. நாங்கள் இரண்டு பேரும் தலையாட்டினோம்.